மசோதாவுக்குள் எங்கள் குழாய்

அந்தச் சனிக்கிழமை காலை எங்கள் வீட்டு முன்கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: குடும்பத்தில் மூத்தவனும் குழாய்ப் பட்டறையின் உரிமையாளனுமான நான், பட்டறையை நடத்தும் என் மகன், சட்டத்துறையில் மசோதாக்களை எழுதும் என் தம்பி, தம்பியின் மனைவி, என் தங்கையின் கணவர். வேறு யாரும் இல்லை. வக்கீல் ஒருவர் உடன் இருந்தார், பத்திரிகைக்காரர் ஒருவர் சன்னலுக்கு வெளியே நின்று கேட்டார் என்றெல்லாம் பின்னால் சொன்னவர்கள் உண்டு. அந்தச் சன்னலுக்கு வெளியே நிற்க இடமே கிடையாது. தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. என் மனைவி அடுக்களையில் இருந்தாள். அங்கே எல்லாம் கேட்கும் என்பதால் அவளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

தங்கையின் கணவரை நாங்கள் மாப்பிள்ளை என்போம். அவர் எதிரில் இல்லாதபோது காப்புரிமை மாப்பிள்ளை. ஒருவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால், சில ஆண்டுகளுக்கு வேறு யாரும் அதைச் செய்யக் கூடாது என்று அரசாங்கத்திடம் உரிமை வாங்கிக் கொடுப்பது அவர் தொழில். கம்பெனிகளுக்கும் காப்புரிமை அலுவலகத்துக்கும் நடுவே நடந்தே அவருக்குச் செருப்பு தேயும். பேசும்போது எதிரில் இருப்பவரின் சட்டைப் பொத்தானைப் பார்த்துப் பேசுவார். அப்படிப் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை.

அவர்தான் அச்சிட்ட மசோதாவைக் கொண்டுவந்தார். சபையில் புதிய காப்புரிமை மசோதா வைக்கப்பட்ட வாரம் அது. பழைய சட்டம் முந்தைய ஆட்சியாளர்கள் தங்கள் நாட்டுச் சட்டத்தைப் பார்த்து எழுதி விட்டுப்போனது. யார் முதலில் செய்தார் என்று அது கேட்காது. யார் முதலில் விண்ணப்பம் கொடுத்தார் என்றுதான் கேட்கும். கொடுத்தவர்களில் பெரும்பாலோர் கடல் கடந்த கம்பெனிகள். இங்கே ஒரு கொட்டகை கூடப் போடாமல், மற்றவர்கள் செய்யாதபடி தடுப்பதற்கு மட்டுமே உரிமை வாங்கி வைத்திருந்தார்கள். இதை மாற்றவேண்டும் என்று ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரை வைத்து விசாரித்தார்கள், அறிக்கை வந்தது, முதல் மசோதா வந்தது, சபை கலைந்ததும் அது செத்தது. இது இரண்டாவது மசோதா. உரிமையின் காலத்தைக் குறைக்கும் பிரிவு, மருந்துக்கு உரிமை தராமல் அதைத் தயாரிக்கும் முறைக்கு மட்டும் தரும் பிரிவு, இரண்டும் தம்பி எழுதியவை. எங்கள் குடும்பத்தில் அவ்வளவு பெரிய இடத்துக்குப் போனவன் அவன் ஒருவன்தான். அதைப் பற்றி நான் வெளியே பெருமை பேசியதில்லை. பேசாமலே எல்லோருக்கும் தெரியும்படி பார்த்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை மசோதாவை விரித்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு பிரிவின் அடியில் இருந்த எடுத்துக்காட்டைப் படித்தார். சட்டத்தில் பிரிவு புரிவதற்காகச் சின்னக் கதை மாதிரி ஒன்று போடுவார்கள், அதுதான் எடுத்துக்காட்டு. அது இப்படி இருந்தது: ‘அ’ என்பவர் கிண்ண வடிவ ரப்பர் வாஷர் பொருத்திய தண்ணீர்க் குழாயைத் தம் பட்டறையில் செய்து விற்பதற்காக அச்சு தயாரித்து வைத்திருக்கிறார். அதன் பிறகு ‘ஆ’ என்னும் நிறுவனம் அதே வாஷருக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பிக்கிறது. உரிமை ‘ஆ’வுக்குக் கிடைத்தாலும் ‘அ’ தம் குழாயைத் தொடர்ந்து செய்யலாம்.

படித்துவிட்டு மாப்பிள்ளை என் சட்டைப் பொத்தானைப் பார்த்தார்.

அந்த ‘அ’ நாங்கள். அதில் சந்தேகத்துக்கே இடமில்லை.

விஷயத்தை விளக்கிவிடுகிறேன். சாதாரணக் குழாயில் வாஷர் தட்டையாக இருக்கும். திருகித் திருகி அழுத்துவதால் சீக்கிரம் தேய்ந்து குழாய் ஒழுகும். என் மகன் வாஷரைக் கிண்ணம் போலச் செய்தான். தண்ணீர் வந்து தள்ளும்போது கிண்ணத்தின் விளிம்பு விரிந்து அதுவே அடைத்துக்கொள்ளும். தண்ணீர் எவ்வளவு முட்டுகிறதோ அவ்வளவு இறுக்கம். செய்ததும் நாங்கள் என்ன செய்தோம்? ஒளித்து வைத்தோம். எங்கள் வழக்கம் அது. பட்டறையின் பின் அறைக்குள் வாடிக்கையாளர் யாரும் வந்ததில்லை. புது அச்சு மீது எப்போதும் கோணி போர்த்தியிருக்கும். எங்கள் வீட்டிலும் தம்பி வீட்டிலும் மட்டும் பொருத்திச் சோதித்தோம். கடையில் ஒன்றுகூட விற்கவில்லை. அச்சுகள் எல்லாம் தயாரான பிறகு ஒரேயடியாக இறக்கலாம் என்றிருந்தோம். அதற்குள் ஒரு பெரிய கம்பெனி அதே மாதிரி வாஷருக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டது. கடைவீதியில் என் மகன் விட்ட ஜம்பத்தைக் கேட்டோ என்னவோ, அதைச் செய்தால் வழக்குப் போடுவோம் என்று எங்களுக்கு எச்சரிக்கையும் வந்துவிட்டது.

அப்போது மாப்பிள்ளை சொன்னது இன்னும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது. நீங்கள் பகிரங்கமாக விற்றிருந்தால் அவர்கள் காப்புரிமையே செல்லாமல் போயிருக்கும், ஒளித்து வைத்ததுதான் வினை என்றார். கோணி போர்த்தினால் சட்டத்துக்குக் கண் தெரியாது மச்சான் என்று சிரித்தார். கம்பெனிக்கு எப்படித் தெரிந்தது என்று நான் அவரைப் பார்த்துக் கேட்டேன். அவர் சிரிப்பு நின்றது. அன்று முதல் எங்களுக்குள் பேச்சு அளவாகத்தான்.

இப்போது அந்த வாஷர் நாட்டின் மசோதாவுக்குள் உட்கார்ந்திருந்தது.

“யாரு இதப் பாத்திருக்காங்க?” என்று கேட்டேன்.

“கம்பெனி வக்கீல் பாத்துட்டாரு மச்சான். மசோதாவ ஆராயற குழுவுல ரெண்டு பேர் காதுல போட்டாச்சு. அண்ணன் பட்டறைக்காகத் தம்பி சட்டம் எழுதியிருக்காருன்னு பேச்சு. திங்கக்கிழம பேப்பர்ல வந்தாலும் வரும்.”

“உங்களுக்கு இவ்வளவு சீக்கிரம் எப்படித் தெரிஞ்சுது?”

“அந்த வக்கீல் எங்கிட்டதான் மொதல்ல கேட்டாரு, இது உங்க மச்சினன் எழுதினதான்னு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“இந்த நாட்டுல குழாய்க்கு வாஷர் போடறது உங்க ஒரு வீடுதானான்னு கேட்டேன்” என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்தது. அதனாலேயே அதை நம்பவில்லை.

முதலில் மகனைக் கேட்டேன். எச்சரிக்கை வந்த பிறகு அவன் தம்பி வீட்டுக்கு அடிக்கடி போனது எனக்குத் தெரியும். குழாய் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போகிறேன் என்பான். ஒழுகாத குழாயைப் பார்க்க ஒருவன் எத்தனை முறை போவான்? சித்தப்பாவிடம் ஏதாவது கேட்டாயா என்றேன். அவன் முகம் சிவந்தது. கேட்கவில்லை என்றான். கேட்க நினைத்துப் போனது உண்மை, வாய் வரவில்லை, சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன் என்றான். அடுக்களையிலிருந்து என் மனைவி, அவன் பொய் சொன்னால் காது மடல் துடிக்கும், துடிக்கிறதா பாருங்கள் என்று குரல் கொடுத்தாள். பார்த்தேன். துடிக்கவில்லை.

பிறகு தம்பியைப் பார்த்தேன். அவன் மசோதாவைக் கையில் வாங்கி, அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பதில் அவன் மனைவிதான் பேசினாள்.

“அத்தான், இவர யாரும் கேட்டுத்தான் எழுதணும்னு இல்ல. இவருக்கு இது ஒரு வியாதி. ஒரு பிரிவு எழுதினா அதுக்குள்ள சொந்தக்காரங்க யாரையாவது உக்கார வச்சுப் பாப்பாரு. வாரிசுச் சட்டம் எழுதினப்ப எங்கப்பாவ மூணு தடவ சாகடிச்சாரு. ஒரு தடவ உயில் எழுதிட்டு, ஒரு தடவ எழுதாம, ஒரு தடவ ரெண்டாம் கல்யாணம் பண்ணிட்டு. அவரு வந்து எதிர்ல உக்காந்து சாப்பிட்டுட்டிருந்தாரு, எனக்குச் சோறு எறங்கல.”

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். என் மகனும். நான் சிரிக்கவில்லை, ஆனால் அவள் சொன்னது பொய்யில்லை என்று தெரிந்தது. வாடகைச் சட்டம் எழுதும்போது அவன் என்னிடமே, அண்ணா, நீ குடியிருக்கிறவன், நான் வீட்டுக்காரன், கூரை ஒழுகுகிறது, நீ என்ன செய்வாய் என்று கேட்டிருக்கிறான். நான் உன்னை உதைப்பேன் என்றேன். அதற்குச் சட்டத்தில் இடமில்லை என்று வருத்தத்தோடு போனான்.

சோதித்து முடிந்ததும் ஆளையும் பொருளையும் எடுத்துவிட்டு, வேறு ஏதாவது வைத்துத்தான் அனுப்புவான். பெரும்பாலும் பூட்டு. இந்த நாட்டுச் சட்டங்களில் வரும் பூட்டுகளில் பாதி அவன் வைத்தவை. இந்த முறை ஏன் வைக்கவில்லை என்று கேட்டேன்.

“பூட்டு வச்சுப் பாத்தேன் அண்ணா, உக்காரல. பூட்டு செஞ்சவன் உடனே வித்துருவான். விக்காம அச்சோட நிக்கிற ஆள் வேணும். தெனம் காலைல எங்க வீட்டுக் குழாயத் திருகறப்ப அதுதான் கண்ணு முன்னால நின்னுச்சு. நாளைக்கு மாத்திக்கலாம்னு இருந்தேன். மேலதிகாரி அன்னைக்கே அச்சுக்குக் கேட்டுட்டாரு.”

அதோடு விட்டிருந்தால் எல்லோரும் எழுந்து சாப்பிடப் போயிருப்போம். ஆனால் அவன் சொன்னதில் ஒன்று எனக்கு உறுத்தியது. விற்காமல் அச்சோடு நிற்கிற ஆள் எதற்கு வேண்டும்?

“பிரிவு மொதல்ல வந்துச்சா, நம்ம பட்டறை மொதல்ல வந்துச்சா?” என்று கேட்டேன்.

அவன் மசோதாவை மடித்து முழங்காலில் வைத்துக்கொண்டான். முன்பே செய்துவந்தவனைக் காப்பாற்ற ஒரு பிரிவு வேண்டும் என்பது நீதிபதியின் அறிக்கையிலேயே இருக்கிறது என்றான். வேறு நாடுகளிலும் உண்டு. அது அவன் யோசனை இல்லை. அவன் முதலில் எழுதியபோது, ‘விண்ணப்பத்துக்கு முன் அப்பொருளைச் செய்து விற்றுவந்தவர்’ என்றுதான் எழுதினான்.

“எழுதிட்டு வழக்கம்போல நம்ம வீட்ட உள்ள உக்கார வச்சேன். உக்காரல. நாம விக்கலியே. வெளிய நின்னோம். அப்போ வார்த்தை தப்புன்னு நெனச்சேன் அண்ணா. ‘விற்றுவந்தவர் அல்லது விற்பதற்கு மெய்யாக ஆயத்தம் செய்தவர்’னு மாத்தினேன். அப்புறம் உக்காந்துது.”

“நம்ம வீட்டுக்காக மாத்தினியா?”

“நம்ம வீட்டுக்காகன்னு நெனச்சு மாத்தல. நம்ம வீடு வெளிய நிக்குதே, அப்போ வார்த்தை கோணல்னு நெனச்சு மாத்தினேன்.”

“ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?”

“அதத்தான் இப்போ நானும் யோசிக்கறேன்” என்றான்.

தையற்காரர் தன் மகனின் உடம்பில் அளவெடுத்துவிட்டு ஊருக்கெல்லாம் சட்டை தைத்த மாதிரி ஆகிவிட்டது. சட்டை நன்றாக இருக்கலாம். ஆனால் யார் அளவு என்று கேட்டால் என்ன சொல்வது? என் தம்பி எதையும் கேட்டு வாங்குகிறவன் இல்லை, விற்கிறவனும் இல்லை. அன்றும் எனக்கு அதில் சந்தேகம் இல்லை. ஆனால் என்னைத் தவிர நாட்டில் அத்தனை பேரும் சந்தேகப்படலாம், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. எச்சரிக்கை வந்திருக்கிறது, அதற்குப் பிறகு வார்த்தை மாறியிருக்கிறது, எடுத்துக்காட்டில் எங்கள் வாஷர் இருக்கிறது. வெளியாளாக இருந்தால் நானே நம்பமாட்டேன்.

மாப்பிள்ளை ஒரு வழி சொன்னார். எடுத்துக்காட்டை மட்டும் அச்சுப் பிழை என்று எடுத்துவிடலாம். வார்த்தை மாறியது இந்தக் கூடத்தைத் தாண்டி யாருக்கும் தெரியாது. பிரிவு அப்படியே நிற்கும், பட்டறையும் பிழைக்கும். சொல்லிவிட்டு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். யாருக்காக இந்த வழியைச் சொல்கிறார் என்று அப்போதும் எனக்குப் புரியவில்லை, இப்போதும் புரியவில்லை. எங்களை அதில் இறக்கிவிட்டுப் பிறகு அவரே போய்ச் சொல்வாரோ என்று கூட நினைத்தேன். தங்கை முகத்துக்காக வாயை அடக்கினேன்.

தம்பியிடம் சொன்னேன். திங்கட்கிழமை காலை உன் மேலதிகாரியிடம் போய், வார்த்தை எப்படி மாறியது என்பதை இங்கே சொன்னபடியே சொல். ஒரு வார்த்தை கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்கும் நாளில் நான் போகிறேன்.

“போய் என்ன சொல்வீங்க?” என்றான் மகன்.

“அந்த வாஷர நாம செய்யப்போறதில்லன்னு சொல்வேன்.”

அவன் எழுந்து நின்றான். சின்ன வயதிலிருந்து என் எதிரில் குரல் உயர்த்தாத பிள்ளை. அன்றும் உயர்த்தவில்லை.

“அது நான் செஞ்சது அப்பா. சித்தப்பா எழுதினாலும் எழுதாட்டியும், அவங்களுக்கு முன்னால செஞ்சவன் நான். நான் எதையும் திருடல. உங்க கௌரவத்துக்கு என் வாஷர ஏன் எடுத்துக்கறீங்க?”

நியாயமான கேள்வி. எனக்குப் பதில் இருந்தது. அவனுக்குப் பிடிக்கும் பதில் இல்லை. வாஷரை நீ இன்னொன்று செய்யலாம், சித்தப்பாவின் பெயரை யாராலும் இன்னொரு முறை செய்ய முடியாது என்றேன். அவன் பட்டறைக்குப் போய்விட்டான். கோணியை உருவி எறிந்த சத்தம் வீடு வரை கேட்டது.

குழு கூடிய இடம் ஒரு நீண்ட அறை. நீண்ட மேசை, ஆளுக்கொரு மைக், பேசத் தொடங்கினால் அது ஒருமுறை ஊளையிட்டுவிட்டுத்தான் குரலைத் தரும். தாழ்வாரத்தில் கை கழுவும் இடத்தில் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. அது எங்கள் பட்டறைக் குழாய் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டுதான் உள்ளே போனேன். கம்பெனி வக்கீல் முன்வரிசையில் இருந்தார். மாப்பிள்ளை அவருக்குப் பக்கத்தில் இல்லை, பின்னால் இருந்தார். அதையும் கவனித்துக்கொண்டேன்.

என் முறை வந்தபோது, எடுத்துக்காட்டில் வரும் ‘அ’ நான்தான் என்றேன். மேசையைச் சுற்றி எழுதிக்கொண்டிருந்த பேனாக்கள் நின்றன. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர், மீசையை நீவிக்கொண்டு கேட்டார்.

“இத எழுதினது உங்க தம்பிதானே?”

“ஆமா.”

“எழுதச் சொன்னது நீங்களா?”

“இல்லைங்க. நான் சொல்லி எழுதியிருந்தா, எங்க குழாயையே உள்ள வச்சிருப்பானா? கள்ளத்தனம் பண்றவன் வாசல்ல தன் விலாசத்த எழுதி ஒட்டமாட்டான்.”

சிலர் சிரித்தார்கள். மீசைக்காரர் சிரிக்கவில்லை. சந்தேகப்படுவது அவர் வேலை. அவர் மீது எனக்கு மரியாதைதான் வந்தது. வார்த்தை மாறிய விதத்தை மேலதிகாரி எழுதி அனுப்பிய குறிப்பு குழுவிடம் இருந்தது. அதைப் பற்றியும் கேட்டார். மறைக்கவில்லை. எங்கள் வீட்டை வைத்து அளவெடுத்தது தவறு என்றேன். அதனால் எங்கள் பட்டறை அந்த வாஷரை இனிச் செய்யாது, பிரிவு எந்த வடிவில் நிறைவேறினாலும் நாங்கள் அதைக் கோரமாட்டோம், பதிவு செய்துகொள்ளுங்கள் என்றேன். அப்படியானால் ‘ஆயத்தம் செய்தவர்’ என்ற வார்த்தைகளை வெட்டிவிடலாமே என்றார் அவர்.

அதற்கு நான் பதில் சொல்லும் முன் பின்வரிசையிலிருந்து மூக்குக்கண்ணாடி ஃபிரேம் செய்யும் ஒரு பெண்மணி எழுந்துவிட்டார். அவர் முறை இன்னும் வரவில்லை. தலைவர் உட்காரச் சொன்னார், அவர் உட்காரவில்லை.

“இந்த ஐயாவுக்கு வேணாம்னா வேணாம்னு விட்டுட்டுப் போகட்டும். அது அவங்க குடும்ப விஷயம். நாங்களும் அச்சு போட்டு வச்சிட்டு விக்கறதுக்கு முன்னால மாட்டிக்கிட்டவங்கதான். எங்க வீட்டுல யாரும் சட்டம் எழுதறதில்ல. எங்களுக்கு அந்த வார்த்தை வேணும்.”

அவரைப் போல இன்னும் பலர் அந்த வாரம் முழுவதும் வந்து சொன்னார்கள் என்று கேள்விப்பட்டேன். எடுத்துக்காட்டை நீக்கினார்கள். வார்த்தைகளை வைத்துக்கொண்டார்கள், சபையில் அந்த வார்த்தைகளுக்கு மட்டும் தனியாக வாக்கெடுப்பு நடந்தது, மீசைக்காரரும் ஆதரித்துக் கை தூக்கினார். மசோதா சட்டமானது. தம்பியை யாரும் தண்டிக்கவில்லை. மேலதிகாரி அவனைக் கூப்பிட்டு, இனி உறவினர் யாரையும் சட்டத்துக்குள் அழைத்துவராதே என்று மட்டும் சொன்னாராம். இப்போது அவன் எழுதும் எடுத்துக்காட்டுகளில் மாடுகள் வருகின்றன. எங்கள் வீட்டில் யாரிடமும் மாடு இல்லை.

மகன் என்னோடு நெடுநாள் நேராகப் பேசவில்லை. சாப்பாட்டு மேசையில் உப்பு வேண்டுமென்றால் அம்மாவிடம் கேட்பான், அவள் என்னிடம் கேட்பாள். புதிய சட்டம் நடைமுறைக்கு வந்ததும், பிடியை அரைச் சுற்றுத் திருகினாலே திறக்கிற குழாய் ஒன்றைச் செய்து, கோணி எதுவும் போர்த்தாமல் நேரே காப்புரிமை அலுவலகத்துக்குக் கொண்டுபோனான். விண்ணப்பத்தை எழுதியது மாப்பிள்ளை. நான் அதை எடுத்து வரிவரியாகப் படித்தேன், எங்காவது ஏதாவது செருகியிருக்கிறாரா என்று. ஒன்றும் இல்லை. மறுபடியும் படித்தேன்.

இவ்வளவையும் எழுதக் காரணம், அண்மையில் ஒரு திருமண வீட்டில் என் காதுபட ஒருவர் சொன்னது. அந்தச் சட்டத்தின் அந்தப் பிரிவை வைத்துத்தான் எங்கள் பட்டறை இன்றுவரை கிண்ண வாஷர் குழாய் செய்து பிழைக்கிறது என்றார்.

அது தவறு. எங்கள் குழாய்களில் இருப்பது தட்டை வாஷர். சில வருடத்தில் ஒழுகும். யார் வேண்டுமானாலும் வந்து திருகிப் பார்க்கலாம்.